முப்பது கடிதங்களும் ஒரு பிழையும்

பதினான்கு வருடம் கலைமணி நின்றுகொண்டேதான் வேதியியல் நடத்தினாள். பென்னாகரம் சாலையில், மேட்டின் மேல் மூன்று மாடியாக எழும்பி நிற்கும் அந்தத் தனியார் மெட்ரிக் பள்ளியில் எந்த வகுப்பறையிலும் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் தூக்கம் வரும், தூக்கம் வந்தால் ரிசல்ட் போகும் என்பது தாளாளரின் கட்சி. ஒவ்வொரு வகுப்பிலும் கேமரா உண்டு. சன்னல் ஓரம் ஒரு நிமிடம் சாய்ந்தால்கூட முதல்வர் அறையிலிருந்து ஒலிபெருக்கியில் பெயர் வரும். "லெவன்த் பி, கலைமணி மிஸ்." அதற்கு மேல் ஒரு சொல் வராது. பிள்ளைகள் மட்டும் அறுபது பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அவள் பாப்பாரப்பட்டிக்காரி. கணவன் திருமாலுக்கு ஊரை ஒட்டி இரண்டு ஏக்கர். தக்காளியும் மரவள்ளியும் போடுவான். எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து வேலைக்குச் சேர்ந்த அன்று பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரைக்கும் எல்லா அசல் சான்றிதழ்களையும் பள்ளியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். "பத்திரமா இருக்கும்மா, பயப்படாதீங்க" என்று தாளாளரே தன் அறைப் பச்சை பீரோவில் வைத்துப் பூட்டினார். எல்லாருக்கும் அப்படித்தான். வேலையை விட்டால் உடனே கைக்கு வராது. அந்தக் கல்வியாண்டு முடியணும், பதிலுக்கு ஆள் கிடைக்கணும், தாளாளருக்கு மனசு வரணும். மே மாதம் வந்தால் ஆசிரியர்கள் கையில் நோட்டீசைக் கொடுத்து ஊர் ஊராக அட்மிஷன் பிடிக்க அனுப்புவார்கள். ஏரியூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கத்திரி வெயிலில் கலைமணி வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள். வேதியியல் பாடத்தில் அவளுக்கு அடுத்து யாரும் இல்லை என்று பேர் வாங்கியவள், வாசலில் நின்று "உங்க பையன எங்க ஸ்கூல்ல சேருங்கக்கா" என்று கெஞ்சியிருக்கிறாள்.

இதையெல்லாம் அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. சண்டைக்குப் போகிற சுபாவம் இல்லை. பள்ளியில் அவளுக்கு ஒட்டுதல் என்றால் ஜெயபிரியா ஒருத்திதான். கணக்கு டீச்சர், இருபத்தெட்டு வயது, இரண்டு தெரு தள்ளி வீடு. நாலு வருடமாக ஒரே பஸ், ஒரே சீட், மத்தியானம் ஒரே டிபன் பாக்ஸ். ஜெயபிரியாவுக்குச் சிரிப்பு அடங்காது. முதல்வர் நடப்பது போல ஸ்டாஃப் ரூமில் நடந்து காட்டுவாள். கலைமணி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்த ஆகஸ்டில் ஜெயபிரியாவுக்கு ஆறாம் மாதம். காலில் செருப்பு ஏறாத வீக்கம். தொடர்ந்து ஐந்து பீரியட் நின்றவள், ஒன்பதாம் வகுப்பில் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தாள். பக்கத்து வகுப்பிலிருந்து கலைமணிதான் ஓடி வந்தாள், ஆட்டோ பிடித்துப் பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பிரசவம் வரை படுத்தே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். திரும்பி வந்து சொன்னபோது முதல்வர் டைம்டேபிளைப் பார்த்தபடியே கேட்டார்:

"முடியலன்னா வேலைய விட்டுடலாமே மிஸ்? யாரு புடிச்சு வெச்சிருக்கா?"

பச்சை பீரோ இருக்கும் அறைக்கு வெளியே நின்றுதான் அவர் அதைக் கேட்டார். கலைமணிக்கு உள்ளுக்குள் என்னவோ அறுந்தது. அன்று பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் ஒரு முழுத்தாளை எடுத்து நான்கு கோரிக்கை எழுதினாள். வகுப்புக்கு ஒரு நாற்காலி. அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தர வேண்டும். பிரசவத்துக்குப் போனால் வேலை காத்திருக்க வேண்டும். மே மாத அட்மிஷன் வேட்டைக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது.

தாளை எடுத்துக்கொண்டு முதலில் தமிழ் ஐயா சவுரியப்பனிடம் காட்டினாள். ஐம்பத்திரண்டு வயது, நிதானமான மனிதர், பள்ளியில் எல்லாரும் மதிக்கிறவர். படித்தார், ஓர் ஒற்று விட்டுப்போயிருந்ததைப் போட்டார், "நல்லா எழுதியிருக்கீங்கம்மா, நான் இருக்கன்" என்றார். சாயங்காலம் ஜெயபிரியாவைப் பார்க்கப் போனபோது பேச்சுவாக்கில்தான் சொன்னாள். கையெழுத்துக் கேட்கவில்லை. படுத்திருந்தவள் முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

"குடுங்க மிஸ், நான் போடறன்."

"நீ எதுக்கு ஜெயா இப்ப? ஒடம்பப் பாரு."

"எனக்காகத்தான இது? மொத கையெழுத்து என்னுதா இருக்கட்டும்."

தலையணை மேல் தாளை வைத்து, கோடு சாயாமல் போட்டாள். அதற்குக் கீழே கலைமணி போட்டாள். மூன்றாவது சவுரியப்பன். முப்பத்து நான்கு ஆசிரியர்களில் முப்பத்தொரு பேர் ஒரு வாரத்தில் போட்டார்கள்.

தாளாளர் அந்தத் தாளை வாங்கவே மறுத்தார். யாரோ சொன்னார்களென்று கலைமணியும் சவுரியப்பனும் தர்மபுரிக்குப் போய்த் தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் மரியாதையாக உட்கார வைத்து, எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. சட்டப்படி டீச்சருங்க தொழிலாளிங்க கெடையாது. கோர்ட்டே சொல்லியாச்சு. உங்க ஸ்கூல் வேன் ஓட்டறவரு வந்து கேட்டா நான் நிர்வாகத்தக் கூப்பிட்டு வெச்சுப் பேசலாம். உங்களுக்காகப் பேச இந்தச் சட்டத்துல வழியில்லைங்க."

"அப்ப நாங்க யாருங்க சார்?" என்று கேட்டாள் கலைமணி. கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர் டீ சொன்னார். "எல்லாரும் ஒண்ணா இருந்தா அவுங்களே கூப்பிட்டுப் பேசுவாங்கம்மா. ஒத்துமைதான் உங்களுக்குச் சட்டம்" என்று வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினார்.

அக்டோபர் முதல் திங்கட்கிழமை முப்பது ஆசிரியர்கள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டு வந்தார்கள். பஸ்ஸில், வண்டியில், பள்ளி வேனில் கால்மாட்டில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பாடத்தை நிறுத்தவில்லை, கோஷம் போடவில்லை. முதல் மணி அடித்ததும் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தே பாடம் நடத்தினார்கள். கலைமணி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது; புடவையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது. "லெவன்த் பி, கலைமணி மிஸ்." அவள் எழவில்லை. "நைன்த் ஏ, சவுரியப்பன் சார்." அவரும் எழவில்லை. முதல்வர் முப்பது பெயரையும் வரிசையாக வாசித்து முடித்தார், கடைசியில் அவருக்கே தொண்டை கட்டிக்கொண்டது.

நான்கு நாள் இப்படி நடந்தது. ஐந்தாம் நாள் தாளாளர் கூப்பிட்டார். வெளிக்குச் சிரித்த முகம்.

"நம்ம குடும்பத்துக்குள்ள எதுக்கும்மா இந்த ஸ்டூலு? பேசிக்கலாம். பப்ளிக் எக்ஸாம் முடியட்டும். ஜூன்ல மூணு பேரு வாங்க, உக்காந்து பேசி எல்லாத்தயும் முடிச்சுருவோம். புள்ளைங்க வருசத்த நாம கெடுக்கக் கூடாது பாருங்க."

பிள்ளைகள் பேரைச் சொன்னதும் கலைமணி இளகிவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு என்று திருமால் பின்னால் சொல்வான். எழுதி வாங்கியிருக்க வேண்டும். ஆனால் அன்று எல்லாருக்கும் ஜெயித்த மாதிரிதான் இருந்தது. ஸ்டூல்கள் வீட்டுக்குத் திரும்பின. அந்த வருடம் வேதியியலில் ஒரு பிள்ளைகூடத் தோற்கவில்லை.

நவம்பரில் ஜெயபிரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜனவரியிலேயே வேலைக்கு வரச் சொன்னார்கள், வந்தாள். பாலூட்டுகிற உடம்போடு நின்று பாடம் நடத்தினாள். இடையில் அரசு ஆசிரியர் தேர்வும் எழுதினாள். ஜூனில் பேசப் போகும் மூன்று பேர் யார் என்று வந்தபோது கலைமணி, சவுரியப்பன், ஜெயபிரியா என்று எல்லாருமாகச் சேர்ந்து முடிவு செய்தார்கள். "நான் பேசறத வுட ஜெயா பேசுனாத்தான் அவருக்கு ஒறைக்கும்" என்றாள் கலைமணி.

மே மாதம் தேர்வு முடிவு வந்தது. ஜெயபிரியா பாஸ். சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஜூன் முதல் வாரம் வரச் சொல்லி அழைப்பு வந்தது. இந்த அழைப்பு கலைமணிக்குத் தெரியாது. பாஸ் ஆனது தெரியும், ஜெயபிரியா பஸ்ஸிலேயே மைசூர்பாகு கொடுத்தாள். சரிபார்ப்புத் தேதியை மட்டும் சொல்லவில்லை. பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் ஆசிரியர்கள் மட்டும் போய் வந்துகொண்டிருந்த அந்த நாட்களில், தினமும் அதே சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தைக்கு முதல் பல் எட்டிப் பார்ப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பேச்சுவார்த்தை அன்று காலையிலும் ஒன்றாகத்தான் வந்தார்கள். பள்ளி வாசலில் இறங்கியதும், "நீங்க போங்க மிஸ், நான் பாத்ரூம் போயிட்டு வந்தர்றன்" என்றாள். கலைமணியும் சவுரியப்பனும் தாளாளர் அறைக்குள் போனார்கள். அங்கே அவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. கலைமணி அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள். மடித்து வைத்திருந்த கோரிக்கைத் தாளை மேசை மேல் பிரித்து நீவினாள்.

"அதுக்கு முன்னாடி இதப் பாத்துருங்கம்மா" என்று தாளாளர் ஒரு கோப்பை அவள் பக்கம் தள்ளினார்.

உள்ளே கடிதங்கள். முதலாவது ஜெயபிரியாவின் கையெழுத்து, அதே கோடு சாயாத எழுத்து. 'சென்ற ஆண்டு நான் இட்ட கையொப்பம் என் சொந்த விருப்பத்தில் இட்டது அல்ல. நான் உடல்நலம் குன்றிப் படுத்திருந்தபோது கலைமணி அவர்கள் என் வீட்டுக்கு வந்து வற்ப்புறுத்தி கையெழுத்து வாங்கினார். நிர்வாகத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அடுத்த தாளை எடுத்தாள். அதே வாசகம், வேறு கை. அதற்கடுத்ததும் அதே. எல்லாரையும் அவளுக்குக் கையெழுத்தால் தெரியும். பதினான்கு வருடம் விடைத்தாள் கட்டுகளில் பார்த்த எழுத்து. இது இயற்பியல், இது ஆங்கிலம், இது இரண்டாம் வகுப்பு டீச்சர். ஜெயபிரியா எழுதிய கடிதத்தைப் பார்த்து ஒவ்வொருவராக எழுதியிருக்கிறார்கள். 'உடல்நலம் குன்றிப் படுத்திருந்தபோது' என்பதைக்கூட மாற்றாமல், கல்லு மாதிரி இருக்கும் பி.டி. மாஸ்டரும் எழுதியிருந்தார். 'வற்ப்புறுத்தி' என்று தேவையில்லாத ஓர் எழுத்தோடு ஜெயபிரியா எழுதிய பிழையும் தாள் தாளாக அப்படியே வந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு கடிதத்தில் அந்தப் பிழை இல்லை. 'வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினார்' என்று, அந்த எழுத்தை நீக்கி, விட்டுப்போன ஒற்றையும் சேர்த்துச் சுத்தமாக இருந்தது. கலைமணி தலையைத் திருப்பிச் சவுரியப்பனைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்களுமா?"

"எனக்கு இன்னும் ஆறு வருசம் சர்வீஸ் இருக்குதும்மா" என்றார் அவர். குரல் தரையில் விழுந்தது. "எல்லாரும் எழுதிட்டாங்க. நான் ஒருத்தன் எழுதாம வுட்டு என்ன ஆகப் போவுது?"

முப்பது கடிதம். அவள் ஒருத்திதான் எழுதவில்லை. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை.

தாளாளர் எழுந்து பச்சை பீரோவைத் திறந்தார். கலைமணியின் உறையை எடுத்து மேசையில் வைத்தார். "உங்க ஒரிஜினல் எல்லாம் இருக்குது, பாத்துக்குங்க. நாளையில இருந்து நீங்க வர வேண்டாம்மா." ஒன்பது மாதம் போராடியும் கிடைக்காதது ஒரு நிமிடத்தில் கைக்கு வந்தது. அனுபவச் சான்றிதழ் கேட்டாள். "நிர்வாகத்துக்கு எதிரா ஆள் சேத்ததத்தான் அனுபவம்னு எழுதணும். எழுதட்டுங்களா?" என்றார். அவள் உறையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஸ்டாஃப் ரூமைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே இருபது பேராவது இருந்தார்கள். காலடிச் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றது. ஒருவரும் வெளியே வரவில்லை. அவளுடைய டிபன் பாக்ஸும் குடையும் உள்ளேதான் இருந்தன. உள்ளே போய் எடுக்க மனசு வராமல் அப்படியே பஸ் ஏறினாள். மத்தியானப் பஸ், ஒகேனக்கல் போய்த் திரும்பும் கூட்டம், மீன் வறுவல் வாசனை. நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தாள்.

திருமால் வயலில் தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தான். நேராக அங்கேதான் போனாள்.

"என்ன, வெயில்ல இங்க வந்துட்ட?"

"வேல போயிருச்சுங்க."

"சண்ட போட்டியா?"

"அதுக்குக்கூட வுடலைங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

அந்த வருடம் செப்டம்பர் ஐந்தாம் தேதி, ஆசிரியர் தினத்தன்று, எல்லா வகுப்பறைக்கும் நாற்காலி போட்டார்கள். ஆசிரியர் நலனில் அக்கறை கொண்டு நிர்வாகமே முன்வந்து வழங்கியது என்று உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. நன்றியுரை சவுரியப்பன். கலைமணி வேறு ஐந்து பள்ளிகளில் வேலை கேட்டுப் போனாள். எல்லா இடத்திலும் அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள். பதினான்கு வருடத்துக்கு அவள் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஒரு முதல்வர் மட்டும் வெளிப்படையாகவே, "அந்த ஸ்டூல் மிஸ் நீங்கதானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஆறாவது பள்ளிக்கு அவள் போகவில்லை.

ஒரு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயபிரியா வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் ஸ்வீட் பாக்ஸ். இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு ஒரு வருடம் எதிரில் படாமல் நடந்தவள். திருமால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டான்.

"ஏரியூர்ப் பக்கம் கவர்மென்ட் ஸ்கூல்ல போஸ்டிங் வந்திருச்சுங்க மிஸ். உங்ககிட்டச் சொல்லாம போக மனசு வரல."

"சந்தோசம். உக்காரு" என்றாள் கலைமணி. குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தாள். அது டம்ளரைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. பிறகு கேட்டாள்: "நான் உன்ன வற்புறுத்துனனா ஜெயா?"

"இல்லீங்க மிஸ்."

"மொத கையெழுத்து யாரு போட்டது?"

"நானுங்க." "வெரிபிகேசனுக்கு நாலு நாள்தான் இருந்துச்சுங்க மிஸ். ஒரிஜினல் இல்லாம போனா உள்ளயே வுட மாட்டாங்க. அவரு பேப்பரயும் பேனாவயும் முன்னாடி வெச்சாரு. ஒரு பாராதான், எழுதிட்டு வாங்கிக்கோம்மான்னாரு. எனக்கு இவ மொகம்தான் கண்ணு முன்னாடி இருந்துச்சு. என் சர்ட்டிபிகேட் அவரு பீரோவுல இருந்துச்சுங்க மிஸ், நான் என்ன பண்ணட்டும்?"

"என்னுதும் அதே பீரோவுலதான் இருந்துச்சு."

ஜெயபிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தீனா நானே எழுதிக் குடுன்னு சொல்லியிருப்பன்" என்றாள் கலைமணி. அவள் குரல் உயரவே இல்லை. "உன் வேலைய நான் கெடுத்திருப்பனா? ஆனா நாலு நாளு. நாலு நாளும் காலையில எம்பக்கத்துல உக்காந்து வந்த. பல்லு மொளைக்குதுன்னு சொன்ன. நான் வேற, மேசையில என்ன பேசணும்னு உங்கிட்ட ஒப்பிச்சுக்கிட்டு வந்தன்."

"மன்னிச்சிருங்க மிஸ்."

கலைமணி யோசித்தாள். மன்னித்தேன் என்று சொல்லிவிடலாம், சுலபம்; அவளும் நிம்மதியாகப் போவாள். வாய் வரவில்லை. "வெயில் ஏறுது, குழந்தையக் கூட்டிட்டுக் கெளம்பு" என்றாள். ஸ்வீட் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை, பிரிக்கவும் இல்லை. சாயங்காலம் திருமால் அதை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டான்.

இப்போது அவள் காரிமங்கலம் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் சோதனைக்கூடத்தில் இருக்கிறாள். இனிப்பு எத்தனை, புளிப்பு எத்தனை என்று தொட்டி தொட்டியாக அளந்து எழுதுவது வேலை. சுத்தமாகச் செய்கிறாள் என்று பேர். பழம் நறுக்கும் பெண்கள் அவளை 'டீச்சரம்மா' என்கிறார்கள். யார் சொல்லித் தெரிந்ததோ.

போன சீசனில் அந்தப் பெண்கள் ஒரு மனு எழுதினார்கள். உடை மாற்ற ஒரு அறை வேண்டும், மாங்காய்ப் பால் பட்டுக் கை வெந்துபோகிறது, கையுறை வேண்டும். எழுதியது தங்கம்மாள் என்கிற அம்மாள். சாப்பாட்டு வேளையில் சோதனைக்கூட வாசலுக்கே கொண்டு வந்தாள்.

"டீச்சரம்மா, தப்பு இருந்தா திருத்துங்க. அப்படியே நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க. படிச்சவங்க பேரு இருந்தா மதிப்பாங்க."

கலைமணி தாளை வாங்கினாள். முழுக்கப் படித்தாள். இரண்டு இடத்தில் எழுத்தைத் திருத்தினாள். கீழே கோணலும் மாணலுமாக இருபத்து மூன்று கையெழுத்து, ஆறு கைரேகை. ஒவ்வொரு பேரையும் பார்த்தாள். இவர்களில் யார் முதலில் கூப்பிடப்படுவாள், எந்த மேசைக்கு முன்னால் உட்கார வைக்கப்படுவாள், என்ன எழுதிக் கொடுப்பாள் என்று மனம் ஓடியது. அப்படி ஓடுவதைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. பேனாவை மூடினாள்.

"நாளைக்குப் போடறன், தங்கம்மா."

தங்கம்மாள் அவள் முகத்தை ஒரு முறை பார்த்தாள். "செரிங்க" என்று தாளை வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் காலை அது அலுவலகத்துக்குப் போய்விட்டிருந்தது. கலைமணிக்காக யாரும் காத்திருக்கவில்லை. பத்தே நாளில் கையுறை வந்தது. குடோனுக்குப் பின்னால் தகரம் அடித்து ஓர் அறையும் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு பெண்ணும் பின்வாங்கவில்லை.

அறைக்குச் சாவி தங்கம்மாளிடம் இருந்தது. "உங்க பையயும் உள்ள வெச்சுக்குங்க டீச்சரம்மா, ஆணி காலியா இருக்குது" என்று சாதாரணமாகச் சொன்னாள். கலைமணி வேண்டாம் என்றாள். பையைச் சோதனைக்கூட மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த தொட்டியின் கூழை எடுத்து அளக்க ஆரம்பித்தாள்.